மிசிசிப்பியின் இராக்கப்பல்கள்

1896 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அமெரிக்க எழுத்தாளர் ஒருவர் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கினார். வயது அறுபது. கடனாளியாகி, அக்கடனைத் தீர்க்கும் பொருட்டு உலகைச் சுற்றிச் சொற்பொழிவாற்றிவந்த காலம் அது. பெற்றோர் இட்ட பெயர் சாமுவேல் கிளெமன்ஸ். உலகம் அறிந்த பெயர் மார்க் துவெயின். நேயர்களே, அந்தப் புனைபெயர் உண்மையில் ஓர் ஆளின் பெயரன்று. அது ஓர் ஆழத்தின் பெயர். ஆற்றுக் கப்பலின் முன்னணியத்தில் நின்று, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை நீரில் விட்டு ஆழம் பார்ப்பவன், கயிற்றின் இரண்டாவது அடையாளம் நனைந்ததும் உரத்துக் கூவும் சொல் அது. இரண்டு பாகம், அதாவது பன்னிரண்டு அடி நீர் உண்டு. கப்பல் தரைதட்டாது என்பது பொருள். நமது கரையோரத்து மீனவரும் கடலின் ஆழத்தைப் பாகக் கணக்கிற் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

எழுத்தாளராவதற்கு முன் அவர் மிசிசிப்பி ஆற்றில் நீராவிக் கப்பல் செலுத்திய மீகாமன். 1859 ஆம் ஆண்டில் அத்தொழிலுக்கு உரிய அனுமதிப் பத்திரம் பெற்றவர். அவர் செலுத்தியவை பெருஞ் சில்லுகள் நீரை அறைந்து தள்ள, இராப்பகலாக ஓடி, பயணிகளைப் படுக்கையறையில் உறங்கவைத்துக் கொண்டுசென்ற கப்பல்கள். அந்த இராக்கப்பல்கள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு மறைந்தன, கடைசியாக எஞ்சிய ஒன்றை நிறுத்துவதா ஓடவிடுவதா என்று ஒரு பெரிய நாட்டின் சட்டசபை ஏன் பல பத்தாண்டுகள் தத்தளித்தது என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் ஆற்றைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பிற்ஸ்பேக் நகரில் ஒகையோ ஆறு தொடங்குகின்றது. அது மிசிசிப்பியுடன் கலந்து நியூ ஓர்லியன்ஸ் நகரைக் கடந்து கடலிற் சேரும்வரை ஏறத்தாழ 2,000 மைல் நீர்வழி உண்டு. நீராவி வருமுன், குடியானவர் தட்டையான தோணிகளில் விளைபொருளை ஏற்றி நீரோட்டத்தோடு கீழே போவர். நியூ ஓர்லியன்சில் தோணியையும் உடைத்துப் பலகையாக விற்றுவிட்டு நடந்தே ஊர் திரும்புவர். எதிர்நீரிற் படகைத் தள்ளிக்கொண்டு மேலே வருவதாயின், கழிகளை ஊன்றி ஊன்றி, மூன்று நான்கு மாதங்கள் ஆகும்.

1807 இல் றொபேட் புல்ற்றன் என்பவர் நியூ யோர்க்கிலிருந்து ஓல்பனிக்கு, ஹட்சன் ஆற்றில், 150 மைல் தூரத்தை 32 மணி நேரத்தில் நீராவியாற் கடந்து காட்டினார். நான்கு ஆண்டுகளின் பின்னர் அவருடைய கூட்டாளியான நிக்கலஸ் றூஸ்வெல்ற், 'நியூ ஓர்லியன்ஸ்' என்ற கப்பலைப் பிற்ஸ்பேக்கிற் கட்டி, நிறைமாதக் கர்ப்பிணியான தம் மனைவி லிடியாவையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். வழியில், லூயிவில் நகரருகே, குழந்தை பிறந்தது. அப்பாற் சென்றபோது நிலநடுக்கம். 1811 டிசம்பரில் மிசிசிப்பிப் பள்ளத்தாக்கை உலுக்கிய அந்நடுக்கத்தில் ஆற்றங்கரைகள் இடிந்து வீழ்ந்தன, தீவுகள் மறைந்தன. அதனூடே அக்கப்பல் 1812 சனவரியில் நியூ ஓர்லியன்ஸ் சேர்ந்தது. கப்பலின் துணிவைக் காட்டிலும் அந்த அம்மையாரின் துணிவே பெரிதென எனக்குத் தோன்றுகின்றது.

ஆனால் மேற்கு ஆறுகளுக்கு ஏற்ற கப்பலுக்கு வழிகாட்டியவர்களுள் முதன்மையானவர் ஹென்றி ஷ்ரீவ் என்ற ஆற்றுக் கப்டன். அவருடைய 'வாஷிங்ரன்' 1817 இல் நியூ ஓர்லியன்சிலிருந்து லூயிவில்லுக்கு 25 நாளில் எதிர்நீரில் ஏறியது. 1853 இல் அதே தூரத்தை 'எக்லிப்ஸ்' என்ற கப்பல் நான்கரை நாளுக்குள் முடித்தது. ஆற்று நீரில் தனியுரிமை கோரிய புல்ற்றன் குழுவினரை ஷ்ரீவ் வழக்கு மன்றத்தில் எதிர்த்தார். 1824 இல், வேறொரு வழக்கில், அமெரிக்க உயர் நீதிமன்றம் மாநிலங்களுக்கிடையிலான நீர்வழியில் எவருக்கும் அத்தகைய தனியுரிமை செல்லாது எனத் தீர்த்தது. ஆறு எல்லோருக்கும் திறந்தது.

அக்கப்பல்கள் கடற்கப்பல்களைப் போன்றவையல்ல. அடிப்பாகம் ஒரு தட்டைப் போல ஆழமற்றது; சில அடி நீரே போதும். இயந்திரமும் கொதிகலன்களும் கீழறையில் அடைக்கப்படாமல் முதற்றளத்திலேயே கிடந்தன. அதன்மேல் அடுக்கடுக்காக மரத்தளங்கள். உச்சியிற் கண்ணாடிக் கூண்டு ஒன்றில் மீகாமன். முன்புறம் இரு நெடும் புகைபோக்கிகள். எரிபொருள் விறகு. நாளுக்குப் பலமுறை கரையோர விறகுகாலைகளில் நின்று விறகேற்றவேண்டும். எடை குறைய வேண்டுமென்று மெல்லிய பலகையாற் கட்டினர். உயரழுத்த நீராவியை முடுக்கி ஓட்டினர். நான்கைந்து ஆண்டுகள் உழைத்தால் அக்கப்பல் தன் விலையைத் தந்துவிட்டது என்பது கணக்கு.

இரவிற் கப்பல் செலுத்துவது தனிக்கலை. கரைகளில் விளக்கில்லை. மணற்றிட்டுகள் பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். வேரோடு பெயர்ந்த பெருமரங்கள் நீருக்கடியில் ஈட்டிபோல் நிற்கும். மீகாமன் ஆயிரம் மைல் ஆற்றை, ஒவ்வொரு வளைவையும், மேலேறும்போது ஒருவிதமாகவும் இறங்கும்போது வேறுவிதமாகவும், மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். ஆற்றங்கரையில் அரசாங்கம் ஒழுங்காக விளக்குகளை நாட்டத் தொடங்கியது 1874 இலேதான். அதே ஆண்டிலேதான் சென் லூயிஸ் நகரில் மிசிசிப்பியின் குறுக்கே பெரும் புகையிரதப் பாலமும் திறக்கப்பட்டது. ஆற்றுக்கு விளக்கு வந்தபோது ஆற்றுக்குரிய வாணிபம் கரையேறிப் போய்க்கொண்டிருந்தது.

மேற்றளத்தில் நீண்ட மண்டபம். இருமருங்கும் வெள்ளைச் சாயம் பூசிய படுக்கையறைகள். இரவுணவின் பின் இசை, சீட்டாட்டம், அரசியல் வாதம். அதைப் படித்தவர்கள் அதை மட்டுமே நினைவிற் கொள்வர். கீழ்த்தளத்தைப் பற்றிச் சொல்லாவிடின் இவ்வரலாறு பொய்யாகிவிடும். அங்கே கட்டணம் குறைந்த குடிபெயர்ந்தோர் பருத்திப் பொதிகளுக்கும் விறகுக் குவியலுக்கும் இடையே முடங்கிக் கிடந்தனர். உலையில் விறகெறிந்தவரிலும் மூட்டை சுமந்தவரிலும் பலர் கறுப்பின மக்கள். அவருட் பலர் எசமானராற் கூலிக்கு விடப்பட்ட அடிமைகள். வடக்கேயிருந்து பருத்தித் தோட்டங்களுக்கு விற்கப்பட்ட அடிமைகளும் இதே கப்பல்களிற் சங்கிலியுடன் ஏற்றப்பட்டனர். ஆற்றின் கீழ்ப்புறம் விற்கப்படுதல் என்பது அம்மக்களிடையே மரணத்துக்கு அடுத்த அச்சமாயிருந்தது. வில்லியம் வெல்ஸ் பிறவுண் என்ற இளைஞர் இவ்வாறு கூலிக்கு விடப்பட்டு, அடிமைகளைத் தெற்கே கொண்டுசென்ற கப்பலிற் பணிபுரிந்தவர். 1834 சனவரியில் சின்சினாற்றித் துறையிற் கப்பல் நின்றபோது கரையில் இறங்கி நடந்தார், திரும்பவில்லை. பிற்காலத்தில் அவர் எழுத்தாளராகி, தாம் கண்டவற்றை எழுதிவைத்தார். மேற்றளத்து இசையோடு அவர் எழுத்தையும் சேர்த்துப் படித்தாலே அந்தக் கப்பல் முழுமையாகத் தெரியும்.

இனி, ஆபத்து. மெல்லிய மரம், உயரழுத்தக் கொதிகலன், வேகப்போட்டி மூன்றும் ஒன்றுசேர்ந்தால் நேரக்கூடியது நேர்ந்தது. 1838 ஏப்ரலில் சின்சினாற்றி அருகே 'மோசெல்' வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த ஆண்டு யூலையில் கொங்கிரஸ் சபை நீராவிக் கப்பல்களைப் பரிசோதிக்கும் சட்டத்தை இயற்றியது. அது பல்லில்லாத சட்டமென்று கண்டு, 1852 இல் வலுவான இன்னொன்றைக் கொண்டுவந்தது: கொதிகலன்களைச் சோதித்தல், இயந்திரகாரருக்கும் மீகாமருக்கும் அனுமதிப் பத்திரம் வழங்குதல் முதலியன. தனியார் தொழிலொன்றில், மக்கள் உயிர்க்காப்பின் பொருட்டு, அமெரிக்க மத்திய அரசாங்கம் தலையிட்ட முதற் சட்டங்களுள் இவை எண்ணப்படும். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

சட்டம் வந்தும் சாவு நிற்கவில்லை. 1858 யூனில் மெம்பிஸ் நகருக்குக் கீழே 'பென்சில்வேனியா' வெடித்தது. துவெயின் சில நாட்களுக்கு முன்புவரை அதே கப்பலிற் பயிற்சி மாலுமி. மூத்த மீகாமனுடன் சண்டையிட்டு விலகியிருந்தார். அவருடைய தம்பி ஹென்றி கப்பலிலேயே இருந்தான். வெந்த புண்களால் இறந்தான். தம்பிக்கு அந்த வேலையைத் தேடிக்கொடுத்தவரே அண்ணன்தான். அந்தக் குற்றவுணர்வு அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

1865 ஏப்ரல் 27 இல் நடந்தது இவை யாவற்றினும் கொடியது. உள்நாட்டுப் போர் முடிந்து, சிறைமீண்ட வடபகுதிப் படைவீரர் வீடு திரும்பிக்கொண்டிருந்தனர். 'சுல்தானா' என்ற கப்பலில் ஏற்றத்தக்கோர் 376 பேர். ஏற்றப்பட்டோர் 2,000 பேருக்கு மேல். தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் பணம் கொடுத்தது. ஆகவே தலைகள் பெருகின. பழுதுபட்ட கொதிகலனை முறையாகத் திருத்த நாட்செல்லுமென்று ஓர் ஒட்டுப் போட்டு ஓட்டினர். மெம்பிசுக்கு மேலே, பின்னிரவு வேளையில், அது வெடித்தது. இறந்தோர் தொகை ஆயிரத்தைக் கடந்தது என்பதில் ஐயமில்லை. 1,800 வரை கூறுவாரும் உளர். லிங்கன் கொலையுண்ட இருவாரத்துள் நிகழ்ந்ததால் பத்திரிகைகள் அதற்குப் பெரிதாக இடம் கொடுக்கவில்லை.

கப்பல்களைத் தோற்கடித்தது வெடிப்பன்று, புகையிரதம். ஆறு வளைந்து செல்லும். தண்டவாளம் நேரே செல்லும். கோடையில் ஆறு வற்றும், மாரியில் உறையும், தண்டவாளத்துக்கு இரண்டுமில்லை. 1856 இல் றொக் ஐலன்ட் என்னுமிடத்தில் மிசிசிப்பியின் குறுக்கே முதற் புகையிரதப் பாலம் திறந்து இரண்டு வாரங்களில் 'எபி அப்ரன்' என்ற கப்பல் அதன் தூணில் மோதித் தீப்பற்றியது. கப்பற்காரர் பாலத்தை அகற்றவேண்டுமென்று வழக்காடினர். பாலக் கொம்பனிக்காக வாதாடியவர் வேறு யாருமல்லர், ஆபிரகாம் லிங்கனே. ஆற்றில் மேலுங்கீழும் போக ஒருவனுக்கு உள்ள உரிமைபோல, ஆற்றைக் குறுக்கே கடக்க மற்றொருவனுக்கும் உரிமை உண்டென்பது அவருடைய வாதத்தின் சாரம். யூரிமார் ஒருமுடிவுக்கு வரவில்லை, பாலம் நிலைத்தது.

1870 இல் 'றொபேட் ஈ. லீ', 'நற்செஸ்' என்ற இரு கப்பல்கள் நியூ ஓர்லியன்சிலிருந்து சென் லூயிஸ்வரை ஓடிய போட்டியை நாடே கண்டு களித்தது. 'லீ' 3 நாள் 18 மணி 14 நிமிடத்தில் வென்றது. இன்றும் ஆற்றின் பொற்காலத்துக்கு இப்படமே அடையாளமாக மாட்டப்படுகின்றது. உண்மையில் அது அணையுமுன் சுடர்ந்த விளக்கு. 1882 இல் துவெயின் தம் பழைய ஆற்றைப் பார்க்க வந்தபோது, முன்பு ஒரு மைல் நீளத்துக்குக் கப்பல்கள் நெருங்கிநின்ற சென் லூயிஸ் துறையில் விரல்விட்டெண்ணத்தக்க சிலவே நின்றன. அடுத்த ஆண்டு வெளிவந்த அவருடைய மிசிசிப்பி நூல் அந்த வெறுந்துறையைக் கண்ட ஏக்கத்திற் பிறந்ததே.

எனினும் சிலர் விடவில்லை. புகையிரதம் தொடாத சிற்றூர்களுக்குக் கோழியும் புகையிலையும் கடிதமும் கொண்டுசெல்லும் சிறு கப்பல்கள் ஒகையோவில் இருபதாம் நூற்றாண்டிலும் ஓடின. 1890 இல் கோர்டன் கிறீன் என்பவர் தொடங்கிய கிறீன் குடும்பத்துக் கொம்பனி அவற்றுள் ஒன்று. அவர் மனைவி மேரி கிறீன், தாமே அனுமதிப் பத்திரம் பெற்ற மீகாமன், கப்டன். குழந்தைகளை வளர்த்தபடி கப்பல் செலுத்திய அம்மையார். 1930 களில் மோட்டார் லொறி அந்தக் கோழியையும் புகையிலையையும் பறித்துக்கொண்டது. அப்போது குடும்பத்தினர் ஒரு புதுவழி கண்டனர். ஏற்றுவதற்குச் சரக்கில்லையாயின், ஆற்றைப் பார்க்க விரும்பும் மக்களையே ஏற்றுவோம் என்றனர். ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் போவதற்காகப் பயணம் செய்தவன் போய், பயணத்துக்காகவே பயணம் செய்பவன் வந்தான். போக்குவரத்து உல்லாசமானது. இம்மாற்றமே இராக்கப்பலுக்கு மேலும் முக்கால் நூற்றாண்டு ஆயுளைக் கொடுத்தது.

இந்த இடத்திலேதான் நம் கதையின் நாயகி வருகின்றாள். அமெரிக்கக் கப்பல்கள் பெண்பாலில் அழைக்கப்படுவன. நானும் அவ்வாறே சொல்கின்றேன். 'டெல்ற்றா குயின்' பிறந்தது மிசிசிப்பிக் கரையிலன்று. அவளுடைய உருக்கு உடலின் பாகங்கள் ஸ்கொத்லாந்தின் கிளைட் நதிப் பகுதியில், டம்பாட்டன் நகரத்து டெனி கொம்பனியில் வார்க்கப்பட்டன. பர்மாவின் ஐராவதி ஆற்றில் ஓடிய நீராவிக் கப்பல்கள் பலவற்றைக் கட்டியதும் அதே பட்டறையே. அப்பாகங்கள் கலிபோர்ணியாவின் ஸ்ரொக்ரன் நகருக்குச் சென்று, அங்கே ஒன்றுசேர்க்கப்பட்டு, மேலே கருவாலியும் தேக்கும் முதலிய மரங்களால் நான்கு தளங்கள் எழுந்தன. நீளம் 285 அடி. இரட்டைப் பிறவி வேறு: 'டெல்ற்றா கிங்' உடன்பிறப்பு. 1927 யூன் முதல் இரண்டும் சக்கரமென்றோவுக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இடையே இரவுதோறும் எதிரெதிரே ஓடின. மாலையில் ஏறினால் விடியலில் இறங்கலாம். நெடுஞ்சாலைகளும் பாலங்களும் வந்தபின் 1940 இல் அச்சேவை நின்றது. போர்க்காலத்திற் கடற்படை அவற்றை எடுத்துச் சாம்பல் நிறம் பூசியது.

போர் முடிந்ததும் அரசாங்கம் விற்பனைக்கு விட்டது. கோர்டன் கிறீனின் மகன் ரொம் கிறீன் 1946 இல் 46,250 டொலருக்கு 'டெல்ற்றா குயினை' வாங்கினார். வாங்கியாயிற்று, ஆனால் கப்பல் பசிபிக் கரையில், ஆறோ கண்டத்தின் நடுவில். கீழ்த்தளங்களைச் சுற்றிப் பலகையடித்து, ஒரு பெரும் மரப்பெட்டிபோலாக்கி, பிறெட்றிக் வே என்ற ஒகையோக் கப்டனின் பொறுப்பில், 1947 ஏப்ரலில் இழுவைக் கப்பலொன்று அவளைத் திறந்த கடலுக்கு இழுத்துச் சென்றது. ஆறடி எட்டடி நீருக்கென்று கட்டிய கப்பல் பசிபிக் சமுத்திர அலைகளைத் தாங்குமா என்று கேட்காதவர் இல்லை. 5,000 மைலுக்கு மேல், பனாமாக் கால்வாயினூடாக, ஒரு மாதத்தில் நியூ ஓர்லியன்சுக்கு அருகே வந்து சேர்ந்தாள். பெட்டியைப் பிரித்து, தன் நீராவியாலேயே ஆற்றிலேறிப் பிற்ஸ்பேக் சென்று திருத்தப்பட்டு, 1948 யூன் முடிவில் முதற் பயணிகளுடன் சின்சினாற்றியிலிருந்து புறப்பட்டாள்.

மேரி கிறீன் அம்மையார் அக்கப்பலிலேயே வாழ்ந்தார். 1949 இல் அதில் உள்ள தம் அறையிலேயே காலமானார். மறு ஆண்டில் மகன் ரொம்மும் மறைந்தார். விதவையான லேதா கிறீன் கடன்களோடு போராடிக் கொம்பனியை நடத்தினார். 1958 இற் கலிபோர்ணியாவைச் சேர்ந்த றிச்சேட் சைமன்ரன் என்ற வணிகர் கைகொடுத்தார். அவர் முன்பு அக்கப்பலிற் பயணியாகச் சென்றவர். அது நின்றுபோவதைப் பொறாதவர். இலாபக் கணக்கை மட்டும் பார்ப்பவர் கையிலிருந்திருந்தால் அன்றே அது பழைய இரும்பாகியிருக்கும்.

1965 நவம்பர் 13 இல், ஆற்றுக்குத் தொடர்பே இல்லாத ஒரு துயரம் நிகழ்ந்தது. மயாமியிலிருந்து நசாவுக்குச் சென்ற 'யார்மத் காசில்' என்ற உல்லாசக் கடற்கப்பல் நள்ளிரவில் தீப்பற்றி மூழ்கியது. 90 பேர் மாண்டனர். அக்கப்பலும் 1927 இற் கட்டப்பட்டதே. அதன் மேற்கட்டிலும் மரம் மிகுதி. கொங்கிரஸ் சபை கொதித்தெழுந்தது. 1966 இல் இயற்றிய சட்டம், மரத்தால் மேற்கட்டு அமைந்த கப்பல்கள் 50 அல்லது அதற்கு மேற்பட்ட பயணிகளை இரவு தங்கவைத்துக் கொண்டுசெல்லலாகாது என்றது. நடுக்கடலை நினைத்து எழுதிய வாசகம். அதன் வலையில் ஆற்றுக் கப்பலும் விழுந்தது. இரவுப் பயணிகளுடன் ஓடிய பழைய துடுப்புச் சில்லுக் கப்பல் அப்போது ஒன்றே ஒன்றுதான் எஞ்சியிருந்தது.

இருபக்க வாதத்தையும் கேட்பது நியாயம். கப்பலை விரும்பியவர் சொன்னது: நாங்கள் கரையிலிருந்து நூறு இருநூறு யார் தூரத்தில் ஓடுகின்றோம், தீப்பற்றினால் கப்பலின் மூக்கைக் கரையிற் செருகிவிடலாம், அடி உருக்கு, தீயணைப்பு வசதிகள் உண்டு, ஒரு பயணியும் தீயாற் சாகவில்லை. எதிர்த்தவர், அவர்களுட் குறிப்பாகக் கப்பற்றுறைக் குழுவின் தலைவரான பால்ரிமோர் உறுப்பினர் எட்வேட் கார்மற்ஸ், சொன்னது: மரம் மரமே, முதியோர் உறங்கும் வேளையில், வார்னிஷ் பூசிய மரப்படிகளிற் பரவும் தீ கரை எவ்வளவு அருகில் என்று கேட்காது. 'மோசெலை'யும் 'சுல்தானா'வையும் அறிந்த ஒருவன் இந்த இரண்டாம் வாதத்தை இலகுவில் தள்ளிவிட முடியாது. நீராவிக் கப்பலின் பயணிகளைக் காக்கவே 1838 இற் பிறந்தது அந்தச் சட்டமரபு. அதே மரபின் பேரப்பிள்ளையே 1966 இன் சட்டம். அது தன் பாட்டியின் வீட்டுக் கதவையே வந்து தட்டியது. என் எண்ணம் யாதெனில், கப்பலை நேசித்தவர்கள் ஆபத்தைக் குறைத்துப் பேசினர். சட்டத்தை நேசித்தவர்கள் கடலும் ஆறும் வேறு என்பதைப் பார்க்க மறுத்தனர்.

இரண்டாண்டு விலக்கு, மேலும் இரண்டாண்டு விலக்கு என்று 1970 நவம்பர் வந்தது. கடைசிப் பயணம் என்று அறிவிக்கப்பட்டது. நதியோர ஊர்களில் மக்கள் கரையிற் கூடி விடைகொடுத்தனர். கொம்பனியின் விளம்பரப் பொறுப்பாளரான பெற்றி பிளேக் என்ற பெண்மணி ஊரூராகக் கையொப்பம் திரட்டி வாஷிங்ரனில் உறுப்பினர்களின் கதவுகளைத் தட்டினார். கார்மற்ஸ் தம் குழுவிற் பூட்டிவைத்த விலக்கை, அவருக்குத் தொடர்பில்லாத வேறொரு சிறு மசோதாவின் வாலிற் கட்டி நிறைவேற்றினர். சனாதிபதி நிக்சன் கையொப்பமிட்டார். அதன்பின் 2008 வரை, தவணை முடியுந்தோறும் விலக்கு நீண்டது. 1979 ஓகத்தில் சனாதிபதி கார்ட்டர் குடும்பத்துடன் மினசோற்றாவின் சென் போலிலிருந்து சென் லூயிஸ்வரை ஒருவாரம் அதிற் சென்றார். 1989 இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமென அறிவிக்கப்பட்டது. ஓர் அரசாங்கம் ஒரே பொருளை ஒரு கையாற் சின்னமென்று மாலையிட்டு, மறுகையால் ஆபத்தென்று தடுத்துக்கொண்டிருந்த விந்தை அது.

கொம்பனியும் சும்மா இருக்கவில்லை. விலக்கு எந்த நாளும் நின்றுபோகலாமென்று, முழுதும் உருக்கால் 'மிசிசிப்பி குயின்' என்பதை 1976 இலும், 418 அடி நீளமும் 436 பயணிகளுக்கு இடமும் கொண்ட 'அமெரிக்கன் குயின்' என்பதை 1995 இலும் இறக்கியது. மூன்று கப்பல்கள்! துவெயின் கண்ட வெறுந்துறைக்கு மீண்டும் உயிர் வந்ததுபோலிருந்தது. ஆனால் தாய்க் கொம்பனி ஆற்றோடு அமையாமற் பெருங்கடற் கப்பல்களைக் கட்ட முற்பட்டுக் கடனில் ஆழ்ந்தது. 2001 செப்டெம்பர் 11 இன் பின்னர் மக்கள் பயணங்களைக் கைவிட, அடுத்த மாதமே அது முறிந்தது. கப்பல்கள் கைமாறின, 2006 இல் மீண்டும் கைமாறின. 2008 இல் விலக்கை நீடிக்கச் சபையின் போக்குவரத்துக் குழுத் தலைவர் ஜேம்ஸ் ஓபர்ஸ்ரார் இசையவில்லை. அவரும் தீயாபத்தையே காரணங் காட்டினார். மாலுமிகளின் தொழிற்சங்கத்துக்கும் கொம்பனிக்கும் இருந்த பிணக்கும் இதில் உண்டென்று பலர் பேசினர். இம்முறை எந்த மசோதாவின் வாலும் கைக்கு எட்டவில்லை.

அந்த ஆண்டின் முடிவில் மூன்று கப்பல்களும் ஓய்ந்திருந்தன. 'மிசிசிப்பி குயின்' 2011 இல் உடைக்கப்பட்டது. 'அமெரிக்கன் குயின்' 2012 இல் மெம்பிசிலிருந்து புதிய கொம்பனியொன்றின் கீழ் மறுபடி ஓடியது. கொள்ளைநோய்க் காலம் பயணங்களைக் குலைத்தது. 2024 பெப்ரவரியிற் கொம்பனி மூடப்பட்டு, கப்பல் ஏலத்திற் போனது. ஏலத்தில் எடுத்தவர் டீசல் இயந்திரத்தில் ஓடும் புத்தம்புதுக் கப்பல்களை அதே ஆற்றில் நடத்தும் போட்டிக் கொம்பனியார். அவர்கள் கப்பல்களிற் சிலவற்றின் பின்புறத்திலும் சிவப்புச் சில்லு ஒன்று சுழல்வதுண்டு. பார்ப்பதற்கு அழகே. நீராவி அதிலே இல்லை.

நீராவியே எஞ்சியிருப்பது பகற் கப்பல்களில். 1914 இற் கட்டப்பட்ட 'பெல் ஒவ் லூயிவில்', 1975 இல் நியூ ஓர்லியன்சில் இறங்கிய 'நற்செஸ்' ஆகியன சில மணி நேரம் பயணிகளை ஏற்றிச் சுற்றிக்காட்டித் துறைக்கே திரும்புவன. அவற்றிற் படுக்கையறை இல்லை. ஆகவே அந்த 1966 ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைத் தீண்டுவதில்லை.

'டெல்ற்றா குயின்' 2009 இல் ரெனசி மாநிலத்துச் சற்றனூகா நகரிற் கரையிற் கட்டப்பட்டுத் தங்குவிடுதியானாள். ஓடும்போது உறங்குவதுதான் ஆபத்து, கட்டிவைத்தபடி உறங்கலாம். 2015 இல் அங்கிருந்தும் இழுத்துச் செல்லப்பட்டு, லூயிசியானாவின் ஹௌமா நகரத்து நீர்த்துறையொன்றிற் கட்டப்பட்டாள். 2018 டிசம்பரிற் கொங்கிரஸ் பத்தாண்டு விலக்கை மறுபடி அளித்தது. இம்முறை ஒரு நிபந்தனை: மேற்கட்டின் மரப்பகுதியில் ஆண்டுக்குப் பத்திலொரு பங்கையேனும் தீத்தாங்கும் வகையில் மாற்றிவர வேண்டும். பத்தாண்டு முடிவிற் பழைய மரம் எவ்வளவு எஞ்சும் என்பதை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அந்தக் கணக்கைத் தொடங்குவதற்கும் பெரும்பணம் வேண்டியிருந்தது. புதிய கொதிகலன்கள் வேண்டும் என்றனர், முதலிட்டோரைத் தேடினர், கொள்ளைநோய் குறுக்கிட்டது. விலக்கின் தவணை 2028 டிசம்பர் முதலாந் திகதி. சட்டம் வழிவிட்ட பின்னரும் அந்த நீர்த்துறையிலிருந்து அவள் பயணிகளுடன் புறப்படவில்லை.